மாஞ்சா: புத்தளத்து ஆபிரிக்க இசையின் மீள்வருகை

நெடுங்காலம் ஒதுங்கியிருந்த இசைக்குழுவொன்று மறுபடியும் ஒன்றுகூடிப் புதிய பாடல்தொகுப்பை வெளியிடுவது, மின்கிற்றாரையும் டிரம்ஸையும் முதுகெலும்பாகக் கொண்ட ரொக் இசையிலும் அதற்கு உறவான பொப் இசையிலும் அவ்வப்போது நிகழ்கிறது; நிகழும்போதெல்லாம் பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்புகிறது. சுவீடனின் அபா குழு 1981க்குப் பின் நாற்பது ஆண்டுகள் கழித்து 2021இல் ‘வொயேஜ்’ என்ற தொகுப்புடன் வந்தது. 1984இல் பம்பாயில் ரொக் மெஷின் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் இண்டஸ் கிரீட் எனப் பெயர் மாற்றிக்கொண்ட இந்திய ரொக் குழு 1997இல் கலைந்து, 2010இல் மீண்டும் சேர்ந்து, 2012இல் ‘இவால்வ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. இத்தகைய மீள்வருகைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படையொன்று உண்டு. குழு மேடையை விட்டு இறங்கிய பின்னும் அதன் பழைய இசைத்தட்டுகள் கேட்போர் வீடுகளில் இருந்தன, வானொலி அவற்றை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது, ஆகவே திரும்பி வருபவரை அடையாளங்காண ஒரு கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது.

இசைத்தட்டும் இல்லாமல், ரசிகர் கூட்டமும் இல்லாமல், குழுவென்று ஒரு பெயர்கூட இல்லாமல் ஒரு சிறிய சமூகத்தின் முற்றங்களிலேயே வாழ்ந்த இசை பொதுமக்களிடம் திரும்பி வருவது எப்படி என்ற கேள்வி இதனினும் கடினமானது. இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியை அடுத்துள்ள சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மாஞ்சா இசை அந்தக் கேள்விக்கு உரிய உயிருள்ள எடுத்துக்காட்டாகும். இலங்கையர் அனைவரும் திருமண வீட்டிலும் கிரிக்கெட் மைதானத்திலும் ஆடி மகிழும் பைலா இசைக்கு மிக நெருங்கிய இரத்த உறவுடைய இந்த இசை, பைலா புகழின் உச்சியில் இருந்த பல பதிற்றாண்டுகளில் புத்தளத்துக்கு வெளியே ஏறக்குறைய எவரும் அறியாததாகவே இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்போது வருத்தமும் வியப்பும் ஒருசேர எழுகின்றன.

இம்மக்கள் இங்கு வந்து சேர்ந்த வரலாறு மூன்று ஐரோப்பிய ஆட்சிகளினூடாகச் செல்கிறது. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், கிழக்காபிரிக்காவின் மொசாம்பிக் முதலிய தமது துறைகளிலிருந்து ஆபிரிக்கரை அடிமைகளாகவும் போர்வீரராகவும் கொண்டுவந்தனர். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தனர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அடிமைகள் இரவில் அடைத்துவைக்கப்பட்ட இடமே ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்ற பெயருடன் நெடுங்காலம் வழங்கிய, தமிழர் கொம்பனித்தெரு என்று அழைக்கும் கொழும்பின் பகுதியாகும். 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவாவில் விலைக்கு வாங்கப்பட்ட ஆபிரிக்கரையும் மொசாம்பிக்கிலிருந்து வரவழைக்கப்பட்டோரையும் கொண்டு இலங்கைப் படைப்பிரிவுகளை அமைத்து, கண்டி அரசுக்கெதிரான போரில் அவர்களை இறக்கினர். அப்படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டபோது, புத்தளத்தில் காவற்பணியிலிருந்த ஆபிரிக்க வீரர்கள் அங்கேயே குடியமர்ந்தனர். சிரம்பையடியின் இன்றைய குடும்பங்கள் பலவும் தமது முன்னோரை அந்தப் படைவீரரிடமிருந்தே கணக்கிடுகின்றன.

தமிழில் காப்பிரிகள் என்றும் காப்பிலிகள் என்றும் இவர்களை அழைப்பது பழைய வழக்கம். தென்னாபிரிக்காவில் இதே சொல் சட்டத்தாலேயே கண்டிக்கப்படும் வசையாகிவிட்டது. இலங்கையில் சமூகத்தினர் அதைத் தமது இனப்பெயராகத் தாங்கிவந்துள்ளனர் என்றாலும், நிறத்தையும் முடியையும் கேலி செய்யத் தமிழ்ப் பேச்சில் அது பயன்படுவதை மறுக்க முடியாது. எனவே ஆபிரிக்க வம்சாவளியினர் என்ற பெயரே இங்கு கையாளப்படுகிறது.

இவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். இவர்களின் வீட்டுமொழியாக இருந்தது கிரியோல் போர்த்துக்கேயம். கிரியோல் என்பது, வெவ்வேறு மொழி பேசுவோர் வணிகத்தாலோ அடிமை முறையாலோ ஓரிடத்தில் சேர்க்கப்படும்போது, ஆள்வோரின் மொழியிலிருந்து சொற்களையும் சுற்றியுள்ள மொழிகளிலிருந்து இலக்கண அமைப்பையும் எடுத்துக்கொண்டு உருவாகி, அடுத்த தலைமுறைக்குத் தாய்மொழியாகவே ஆகிவிடும் மொழியைக் குறிக்கும். இலங்கைப் போர்த்துக்கேயம் எனப்படும் இக்கிரியோல், தமிழோடும் சிங்களத்தோடும் நூற்றாண்டுக்கணக்கில் பழகியதால் போர்த்துக்கலில் பேசப்படுவதிலிருந்து பெரிதும் வேறுபட்டு, வினைச்சொல்லை வாக்கியத்தின் இறுதியில் வைக்கும் பழக்கத்தையும் கற்றுக்கொண்டது. ஒல்லாந்தர் ஆட்சியிலும் அது மறையவில்லை; துறைமுக நகரங்களில் வெவ்வேறு இனத்தார் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழியாக நெடுங்காலம் நிலைத்தது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும், ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் சிலரது வீடுகளில் இன்றும் அது பேசப்படுகிறது. சிரம்பையடியிலோ பள்ளிக் கல்வியும் கலப்புத் திருமணங்களும் சேர்ந்து சிங்களத்தை வீட்டுமொழியாக்கிவிட, கிரியோல் பேச்சிலிருந்து விலகி மாஞ்சாப் பாடல்களுக்குள் ஒதுங்கியது. பேசுவோர் இல்லாமற்போன பின்னும் பாடுவோரிடம் ஒரு மொழி உயிரோடிருப்பது உலகில் பல இடங்களில் கண்ட உண்மைதான் என்றாலும், அதை இலங்கைக் கரையிலேயே காணலாம் என்பது பலருக்குத் தெரியாது.

மாஞ்சா என்பது ஒரு பாட்டின் பெயரன்று. பாடலும் தாளமும் ஆட்டமும் பிரிக்க முடியாதபடி சேர்ந்த நிகழ்வின் பெயர். பாடல்கள் மிகக் குறுகியவை, பெரும்பாலும் சில அடிகளே கொண்டவை. அவ்வடிகள் திரும்பத் திரும்பப் பாடப்படுகின்றன. காதல், பிரிவு, கடல், பறவைகள், விலங்குகள், ஊர்ப் பெண்ணொருத்தியின் அழகு என்பனவே பொருள். தமிழ்க் காதுக்கு, பல்லவி மட்டும் உள்ள பாட்டாக, சரணமே வராத பாட்டாக இது முதலில் தோன்றக்கூடும். ஆனால் வளர்ச்சி சொற்களில் இல்லை, வேகத்தில் இருக்கிறது என்பதை நாலைந்து சுற்றுகள் கேட்டதுமே உணரலாம்.

தொடக்கம் மெதுவானது. பாடுவோர் அமர்ந்தபடியே, ஏறக்குறைய உரையாடும் குரலில் முதலடியை எடுக்கின்றனர். தோல் போர்த்த ஒருமுகப் பறையான ரபான் அல்லது இருமுக மேளமான டோலக் தாளத்தைப் பிடிக்கிறது. அதனுடன் சேர்வன எல்லாம் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தவை: இரண்டாகப் பிளந்த தேங்காய்ச் சிரட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஒலி, கண்ணாடிப் போத்தலின் கழுத்திலும் வயிற்றிலும் கரண்டியால் தட்டும்போது எழும் இருவேறு சுருதிகள், உலோகத் துண்டின் கிணுகிணுப்பு. போத்தலில் தட்டுபவரின் கை மிக நுட்பமான வேலையைச் செய்கிறது. ரபான் பெரிய அடிகளைப் போட்டுச் செல்ல, அவற்றின் இடைவெளிகளை அந்தக் கரண்டியே நிரப்புகிறது. அது நின்றுவிட்டால் பாட்டின் ஓட்டமே தளர்ந்துபோகும். சுற்றுக்குச் சுற்று வேகம் கூடுகிறது, ஆனால் எவரும் கையசைத்துக் கட்டளையிடுவதில்லை. மேளக்காரரின் ஓரடி முந்துகிறது, சிரட்டைகள் அதைத் தொடர்கின்றன, குரல்கள் அவற்றைத் தொடர்கின்றன. அமர்ந்திருந்த பெண்கள் எழுந்து, கைகளை விரித்து, இடையை அசைத்து ஆடத் தொடங்கும்போது தாளம் தொடக்கத்தில் இருந்ததைவிடப் பன்மடங்கு விரைந்துவிட்டிருக்கும். இறுதியில் சொற்கள் தனித்தனியே காதில் விழாத அளவுக்கு நெருங்கிவிட்ட நிலையில், எல்லோரும் ஒரே அடியில் நிறுத்துகின்றனர்.

அந்தத் தாளத்தைக் கொஞ்சம் விளக்கினால் பைலாவுடனான உறவும் புலனாகும். ஒரு சுற்றுக்கு ஆறு சிற்றெண்ணிக்கைகள் கொண்ட அமைப்பு அது. அவ்வாறையும் மூன்று மூன்றாகப் பிரித்தால் சுற்றுக்கு இரண்டு பெரிய அடிகள் கிடைக்கும். கருநாடக இசை பயின்றோர் இதைத் திஸ்ர நடையின் சாயலாகக் கேட்பர். அதே ஆறை இரண்டிரண்டாகப் பிரித்தால் மூன்று பெரிய அடிகள் கிடைக்கும். ஒரு கருவி முதல்வகைப் பிரிவையும் இன்னொரு கருவி இரண்டாம்வகைப் பிரிவையும் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது, இரண்டு அடிக்கும் மூன்று அடிக்கும் இடையே ஓர் இழுபறி உண்டாகி, அது கேட்பவரின் உடலைத் தன்னாலே அசைக்கிறது. ஆபிரிக்கக் கண்டத்தின் பல பகுதிகளிலும், ஆபிரிக்கர் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட கியூபா முதலிய அத்திலாந்திக் நாடுகளிலும் இந்த இழுபறி இசையின் அடித்தளமாக உள்ளது. இலங்கைத் திருமண வீட்டில் பைலா தொடங்கியதும் முதியவர்கூட நாற்காலியை விட்டு எழுவதற்குக் காரணம் இதுவேயாகும்.

மாஞ்சாவுக்கும் பைலாவுக்கும் இடையில் நிற்பது கபிரிஞ்ஞா எனப்படும் ஆட்டம். ஆபிரிக்கரைக் குறிக்கும் பெயரிலிருந்தே பிறந்த இப்பெயர், பறங்கியர் வயலின், கிற்றார், மேளம் ஆகியவற்றின் துணையுடன் இணை இணையாக ஆடும் ஆட்டத்துக்கு வழங்குகிறது. மட்டக்களப்புப் பறங்கியர் திருமணங்களில் அது இன்றும் காணப்படுகிறது. ஆபிரிக்கரின் தாளம் ஐரோப்பியரின் நரம்பிசையுடன் கூடிய இடம் அது எனலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் பணியாற்றிய ஆங்கிலேய சிவில் சேவை அதிகாரியும் சுவடி சேகரிப்பாளருமான ஹியூ நெவில் திரட்டிய கையெழுத்துப் படிகளில், மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாடல்களோடு இந்த ஆபிரிக்கப் போர்த்துக்கேயப் பாடல்களும் உள்ளன. இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கும் அச்சுவடிகளை ஆராய்ச்சியாளர் சிஹான் டி சில்வா ஜயசூரிய பதிப்பித்து, சிரம்பையடி மக்களின் இசையையும் அவற்றோடு இணைத்து ஆராய்ந்துள்ளார். இவ்விசையின் பழைமைக்கு வாய்மொழிக்கு வெளியே கிடைக்கும் சான்று என்ற வகையில் அந்தச் சுவடிகள் பெருமதிப்புக்குரியவை.

1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் கபிரிஞ்ஞாத் தாளத்தில் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடி, குழுவாகப் பாடும் பைலா வகையை நிலைநிறுத்தினார். பின் பைலாப் பாடகர் எம். எஸ். பெர்னாண்டோ வந்தார். 1970களிலிருந்து மொறட்டுவையின் ஜிப்சீஸ் குழு மின்கிற்றாரையும் டிரம்ஸையும் பைலாவுடன் சேர்த்து, அதை ரொக் குழுவின் மேடைக்குக் கொண்டுவந்தது. அக்குழுவின் முன்னணிப் பாடகர் சுனில் பெரேரா 2021 செப்டெம்பரில் மறைந்தபோது நாடே துயர்ப்பட்டது.

தமிழர் இந்த வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இலங்கைத் தமிழ்ப் பொப் இசை எழுந்தபோது அதன் அடித்தாளமாக அமைந்தது பைலாவே. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணப் பேச்சுமொழியை அந்தத் தாளத்தில் ஏற்றியது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ கடலைக் கடந்து, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. மொசாம்பிக் கரையிலிருந்து சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்டவரின் தாளம், புத்தளத்தையும் மட்டக்களப்பையும் கொழும்பையும் கடந்து, தஞ்சாவூர்க் கிராமத்துத் தேநீர்க் கடை வானொலியில் ஒலித்த கதை இது. அதைக் கேட்டவர்கள் இலங்கைப் பாட்டென்று மட்டுமே அறிந்திருந்தனர். தமிழிசை வரலாறு எழுதுவோர் இந்தத் தொடர்பை ஒரு பந்தியாவது எழுதவேண்டும். அது நெடுங்காலமாக நிலுவையிலுள்ள கடன்.

பைலாவுக்கு இசைத்தட்டும் வானொலியும் பின்னர் ஒலிநாடாவும் கிடைத்தன. மாஞ்சாவுக்கு அவை கிடைக்கவில்லை. மூன்று நிமிட இசைத்தட்டில் அடங்கும் கட்டமைப்பு அதற்கு இல்லை. பாடலாசிரியர் என்று எழுத ஒருவர் பெயர் இல்லை. கேட்போருக்கு விளங்கும் மொழியும் இல்லை. திருமணத்திலும் ஞானஸ்நானத்திலும் மாலைநேர ஒன்றுகூடலிலும் பாடப்பட்டதால் அது உயிர் தப்பியது. இத்தகைய பாட்டு எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதை அறியப் புத்தளம் மாவட்டத்தார் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. அதே கரையில் முந்தலுக்கு அப்பாலுள்ள உடப்பில், கரைவலை இழுக்கும்போது தமிழ் மீனவர் பாடிய அம்பாப் பாடல்கள், பலர் சேர்ந்து கயிறு இழுக்கும் வேலையின் மூச்சோடு பிறந்தவை. வலையை இழுக்க உழவு இயந்திரத்தில் பூட்டிய விஞ்ச் வந்த கரைகளில் அந்த மூச்சுக்கே வேலையில்லாமல் போய்விட்டது. மாஞ்சா எந்தத் தொழிலையும் சார்ந்திராமல் கொண்டாட்டத்தைச் சார்ந்திருந்தது அதன் நற்பேறு. வேலை முறை மாறினாலும் கல்யாணம் நிற்பதில்லை.

மீள்வருகை என்று சொல்லத்தக்கது அண்மைக் காலத்தில் நிகழ்ந்தது. ஆராய்ச்சியாளரின் வருகையும், தமது ஆபிரிக்க வேரைப் பற்றிச் சமூகத்தினரிடம் வளர்ந்த பெருமிதமும் சேர்ந்து, மாஞ்சாவை வீட்டு முற்றத்திலிருந்து வெளியே அழைத்துவந்தன. உள்நாட்டுப் போர் முடிந்த பின் 2011இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பின்னர் காலியும் யாழ்ப்பாணமுமாக மாறி மாறி நடந்த நாட்டார் இசை விழாக்களில், கூத்தும் நாதஸ்வரமும் சிங்களக் கிராமிய ஆட்டங்களும் இடம்பெற்ற அதே மேடைகளில் சிரம்பையடிக் குழுவும் ஏறியது. முதிய பெண்கள் நடுவில் அமர்ந்து பாட, இளையோர் மேளமும் சிரட்டையும் ஏந்திப் பின்னால் நின்றனர். யாழ்ப்பாணத்துப் பார்வையாளருக்குச் சொற்கள் விளங்கியிருக்க முடியாது, ஆனால் தாளம் அவர்களுக்குப் பழகியதே. ‘சின்ன மாமியே’ கேட்டு வளர்ந்த ஊரல்லவா அது.

இந்த மீள்வருகை எந்த வகையைச் சேர்ந்தது என்று மதிப்பிட, உலகில் நிகழ்ந்த இரண்டு பெரும் மீள்வருகைகள் துணைசெய்யும். முதலாவது கியூபாவின் புவெனா விஸ்டா சோஷல் கிளப். 1996 மார்ச்சில் ஹவானாவின் எக்ரம் ஒலிப்பதிவுக் கூடத்தில், மேற்காபிரிக்க நாடான மாலியின் இசைக்கலைஞரையும் கியூபக் கலைஞரையும் சேர்த்துப் பதிவுசெய்ய ஒரு பிரித்தானிய நிறுவனம் திட்டமிட்டிருந்தது. மாலிக் கலைஞர் வரமுடியாமற்போகவே, ஓய்வுபெற்று மறக்கப்பட்டிருந்த முதிய கியூபக் கலைஞரைத் தேடிச் சேர்த்து, அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் ரை கூடரின் தயாரிப்பில் சில நாட்களுக்குள் பதிவை முடித்தனர். ஏறத்தாழ எழுபது வயதான பாடகர் இப்ராகிம் பெரெர் அப்போது தெருவில் சப்பாத்து மெருகிட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். பியானோக் கலைஞர் ரூபன் கொன்சாலெஸின் வீட்டில் பியானோவே இல்லை. 1997இல் வெளிவந்த அந்தத் தொகுப்பு பல இலட்சம் படிகள் விற்று, கிராமி விருதும் பெற்று, அம்முதியவர்களை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றது. ஆனால் ஒரு பத்தாண்டுக்குள் அவர்களில் முதன்மையானோர் பலர் மறைந்தனர். உலகம் அந்த இசையை அவர்களின் முதிய முகங்களோடே நினைவில் வைத்துக்கொண்டது, கியூபாவின் இளைய இசைக்கலைஞரிடம் அதே ஆர்வத்துடன் திரும்பவில்லை.

இரண்டாவது கல்கத்தாவின் மொஹீனேர் கோராகுலி என்ற ரொக் குழு. 1970களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாயாவும் நண்பர்களும் தொடங்கிய அக்குழு, பாவுல் பாடகரின் நாட்டார் மரபையும் ரொக்கையும் இணைத்துப் பாடியபோது கேட்பார் அதிகமில்லை; 1981இல் அது கலைந்தது. 1995இல் கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியை ஒட்டி வெளிவந்த மீள்வருகைத் தொகுப்புக்கு ‘மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்’ என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. அத்தொகுப்பின் சிறப்பு பெயரில் இல்லை. பழைய குழு தன் பெயரை முன்னிறுத்திக்கொண்டு, பாடும் வாய்ப்பைப் பெருமளவுக்குக் கல்கத்தாவின் இளம் பாடகருக்கும் புதிய குழுக்களுக்கும் கொடுத்தது. கௌதம் தொகுப்பாளராக, ஆசிரியராகப் பின்னால் நின்றார். அவர் 1999இல் காலமானார். ஆனால் வங்காள மொழி ரொக் இசை அந்தத் தொகுப்புகளிலிருந்தே ஒரு முழுத் தலைமுறையாக எழுந்தது.

மாஞ்சாவுக்கு ஒரு தொகுப்பு செய்ய முனைவோர் இவ்விரண்டில் எதைப் பின்பற்றுகின்றனர் என்பதே முடிவைத் தீர்மானிக்கும். முதியோரின் குரலைப் பதிவுசெய்வது அவசரமான கடமை, அதில் ஐயமில்லை. பாடல்களின் சொற்பொருளை முழுதாகச் சொல்லக்கூடியவர் குறைந்துகொண்டே வருகின்றனர். மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரின் கிரியோலை லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவின் தலைமையில் ஒரு குழு ஒலியாகவும் காட்சியாகவும் ஆவணப்படுத்தியுள்ளது. சிரம்பையடிப் பாடல்களின் சொற்களை அந்த ஆவணங்களோடு ஒப்பிட்டால், பாடுவோருக்கே தெளிவில்லாத பல அடிகளின் பொருளை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியும். பிள்ளைகள் பொருள் அறிந்து பாடும் பாட்டு, ஒலியாக மட்டும் மனப்பாடம் செய்த பாட்டைவிட நீண்ட காலம் நிலைக்கும். மட்டக்களப்பிலிருந்து கிரியோல் பேசும் ஒரு முதியவரும் சிரம்பையடியிலிருந்து அதைப் பாடும் ஒரு முதியவரும் ஒரே அறையில் சில நாட்கள் அமர்ந்தாலே இவ்வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஒலிப்பதிவு முறையும் கவனத்துக்குரியது. இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே, காதில் மாட்டிய கருவிவழி வரும் சீரான டிக் டிக் ஒலிக்கு இசைவாகப் பதிந்து பின் சேர்ப்பது வழக்கம். அந்த ஒலி வேகத்தைக் கட்டிப்போடும். வேகம் ஏறுவதே உயிராக உள்ள மாஞ்சாவை அப்படிப் பதிவது அதன் கழுத்தை நெரிப்பதற்கு ஒப்பாகும். எல்லோரையும் ஒரே இடத்தில் வட்டமாக அமர்த்தி, ஆடுவோரின் காலடி ஒலியும் சுற்றியிருப்போரின் கூவலும் உட்பட, தொடக்கத்திலிருந்து நிறுத்தம்வரை வெட்டாமல் பதிய வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் முடிக்கவேண்டிய கட்டாயம் இசைத்தட்டோடு போய்விட்டதால், பைலாவுக்கு அன்று வாய்த்த தொழில்நுட்பத்தைவிட மாஞ்சாவுக்கு இன்று வாய்த்திருக்கும் தொழில்நுட்பமே பொருத்தமானது. இது தாமதத்தால் விளைந்த ஒரு நன்மை.

உரிமையைப் பற்றிய கேள்வி எளிதில் தீராதது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நாட்டார் கலை வெளிப்பாடுகளை மரபுச் சூழலுக்கு வெளியே வணிக நோக்கில் பயன்படுத்துவோர் உரிய அதிகாரசபையின் அனுமதியைப் பெறவேண்டும் என்று விதிக்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அவ்வாறு அறவிடப்படும் பணம் பொதுவான பண்பாட்டு மேம்பாட்டுக்கு உரியதாகச் சொல்லப்படுகிறதே ஒழிய, பாடலைக் காத்துவந்த சமூகத்துக்கு நேரே செல்வதாக விதி இல்லை. ஆகையால் சிரம்பையடியில் ஒலிப்பதிவு செய்ய வருபவர், சட்டம் கேட்பதற்கு மேலாகச் சமூகத்தோடு எழுத்துமூல உடன்படிக்கை செய்துகொள்வதே நேர்மை. பாடியவர், மேளம் வாசித்தவர், போத்தல் தட்டியவர் மட்டுமல்லாமல், அந்தப் பாடலை அவருக்குக் கற்றுக்கொடுத்த தாய் அல்லது பாட்டியின் பெயரும் தொகுப்பின் உறையில் இடம்பெற வேண்டும். ‘மரபுப் பாடல்’ என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் அவர்களை மறைத்துவிடுவது, இசைத்தட்டுக் காலத்தில் நேர்ந்த புறக்கணிப்பைப் புதிய வடிவில் தொடர்வதாகவே முடியும்.

ஆபிரிக்க வம்சாவளிச் சமூகங்களின் இசை பொதுவெளிக்கு வருவது இலங்கையில் மட்டும் நிகழ்வதன்று. இந்தியாவின் குஜராத்தில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்திகளின் கோமா இசைக்குழு கடந்த இருபதாண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்க மேடைகளில் ஏறியுள்ளது. பாகிஸ்தானில் கராச்சி அருகேயுள்ள மங்கோபீர் தர்காவில், அவ்வாறே ஆபிரிக்க வம்சாவளியினரான ஷீதிகள் தமது மேளங்களோடு விழா எடுக்கின்றனர். இந்துமாக்கடலின் கரைகளெங்கும் சிதறிய இந்தச் சகோதரரிடையே கத்தோலிக்கராய், கிரியோல் பாடுவோராய், இலங்கைத் தீவின் மூன்று மொழிகளுக்கும் தாளம் கொடுத்தவராய்ச் சிரம்பையடியினர் தனித்து நிற்கின்றனர். இவர்களின் மாஞ்சாவுக்கு, பெருந்தொகுப்பு வெளிவரும் நாள்வரை காத்திருக்காமலே செய்யக்கூடியவை உண்டு. தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடும் மாவட்டம் இது. கற்பிட்டிக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்து குவியும் மாவட்டம் இது. புத்தளத்துப் பாடசாலைகளின் கலைவிழாக்களில் சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் ஆடும் நிகழ்ச்சிகளோடு, சிரம்பையடிப் பிள்ளைகள் தம் பாட்டிமாரிடம் கற்ற மாஞ்சாவுக்கும் ஆண்டுதோறும் ஓரிடம் ஒதுக்குவது எந்தச் செலவும் இல்லாத காரியம். இலங்கை வானொலியின் தமிழ், சிங்களச் சேவைகள் இரண்டும் பைலாவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு கால்மணியை அதன் மூத்த உறவுக்குக் கொடுத்து, அறிவிப்பாளர் பாடியவரின் பெயரையும் ஊரையும் சொல்லி ஒலிபரப்பினால், தொகுப்பு வெளிவரும்போது அதை அடையாளங்காணும் கேட்போர் கூட்டமும் உருவாகியிருக்கும்.